எஞ்சின் பல மாறின. இணைப்பு மாறவில்லை: ஹாரி ஃபெர்குசன் கதை

உங்கள் டிராக்டரின் பின்பக்கம் போய் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கீழே இடமும் வலமுமாக இரண்டு கைகள். மேலே நடுவில் டாப் லிங்க். இந்த மூன்று புள்ளிகளில்தான் கலப்பையோ ரோட்டவேட்டரோ மாட்டப்படுகிறது. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இந்த அமைப்பில் மாற்றம் இல்லை. எஞ்சின் வேறு, கியர் வேறு, பெயின்ட் வேறு. பின்பக்கம் மட்டும் எல்லாம் ஒன்றுதான். அதை உலகத்துக்குக் கொடுத்தவர் அயர்லாந்தின் ஒரு விவசாயி மகன், ஹாரி ஃபெர்குசன். மாஸி ஃபெர்குசன் என்ற பெயரில் வரும் பிற்பாதி இவருடையது.

புது டிராக்டர் வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது எத்தனை எச்.பி. என்று. பிறகு எத்தனை சிலிண்டர், மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும் என்று கேட்போம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஃபெர்குசன் தன் வாழ்நாளில் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று பல எஞ்சின்களைத் தன் டிராக்டரில் வைத்துப் பார்த்தவர். அவற்றில் ஒன்றைக்கூட அவர் சொந்தமாகச் செய்யவில்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அவர் கவனம் முழுவதும் எஞ்சினின் பலம் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்பதில்தான் இருந்தது.

1884 நவம்பர் 4 அன்று, இன்றைய வட அயர்லாந்தில் உள்ள டவுன் மாவட்டத்தில், ட்ரோமோர் ஊருக்கு அருகே க்ரோவெல் என்ற இடத்தில் பிறந்தார். வீட்டில் 11 பிள்ளைகள். பதினான்கு வயது வாக்கில் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் பண்ணையில் வேலைக்கு இறங்கினார். குதிரைக்குப் பின்னால் கலப்பை பிடித்து நடக்கும் வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கனடாவுக்குக் கிளம்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். அதற்குள் அண்ணன் ஜோ பெல்ஃபாஸ்ட் நகரில் சைக்கிள், கார் பழுதுபார்க்கும் பட்டறை போட்டார். 1902-இல் ஃபெர்குசன் அங்கே சேர்ந்தார். எஞ்சினைக் காதால் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லும் பழக்கம் பட்டறையில்தான் வரும். அது அவருக்கும் வந்தது.

ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் பறந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஃபெர்குசன் தானே ஒரு விமானம் கட்டினார். எஞ்சினை மட்டும் விலைக்கு வாங்கினார். 35 குதிரைத்திறன் கொண்ட ஜே.ஏ.பி. எஞ்சின் அது. 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் சுமார் 130 கெஜம் தூரம் பறந்தார். அயர்லாந்தில் முதலில் விமானம் ஓட்டியவர் என்ற பெயர் கிடைத்தது. விமானம் கட்டுபவருக்கு எடை என்பது முதல் எதிரி. வேண்டாத ஒரு கிலோ இரும்புகூடக் கூடாது. பின்னாளில் அவர் டிராக்டர் செய்தபோது எடையைக் குறைப்பதில் காட்டிய பிடிவாதம் இந்தக் காலத்தில் பதிந்தது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

போர்க்காலப் பாடம்

1911-இல் பெல்ஃபாஸ்டில் சொந்தமாகக் கார் வியாபாரம் தொடங்கினார். கூடவே ஓவர்டைம் என்ற பெயரில் வந்த அமெரிக்க டிராக்டரையும் விற்றார். அமெரிக்காவில் அதற்கு வாட்டர்லூ பாய் என்று பெயர். பிறகு 1918-இல் அந்தக் கம்பெனியை ஜான் டியர் வாங்கிக்கொண்டது. ஃபெர்குசனுடன் வில்லி சாண்ட்ஸ் என்ற கெட்டிக்கார மெக்கானிக் இருந்தார். முதலாளி யோசனை சொல்வார், சாண்ட்ஸ் அதை இரும்பில் செய்து காட்டுவார். இந்தக் கதையில் சாண்ட்ஸின் பெயர் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

முதல் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாடு. 1917-இல் அயர்லாந்தின் வேளாண் வாரியம், நாட்டில் ஓடும் டிராக்டர்களைப் பார்வையிட்டு அவற்றைச் சரியாக வேலை செய்ய வைக்கும் பொறுப்பை ஃபெர்குசனிடம் ஒப்படைத்தது. அவரும் சாண்ட்ஸும் ஊர் ஊராகப் போனார்கள். கண்ட காட்சி எங்கும் ஒன்றுதான். குதிரைக்குச் செய்த கலப்பையைச் சங்கிலி போட்டு டிராக்டருக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். டிராக்டரை ஓட்ட ஒருவர், கலப்பையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர். வண்டியோ கனத்த வண்டி. அது ஓடிய இடத்தில் மண் இறுகிப் போனது. ஈரம் இருந்தால் சக்கரம் அங்கேயே சுற்றிப் பள்ளம் தோண்டியது.

அந்தக் காலத்தில் இழுவை வேண்டும் என்றால் எடையைக் கூட்டு என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. அதற்கு முன்னால் இருந்த நீராவி உழவு எஞ்சின்கள் பல டன் கனம். வயலுக்குள் இறங்கினால் புதைந்துவிடும் என்பதால் வரப்போரம் நிறுத்தி, கம்பிவடம் கட்டிக் கலப்பையை இழுப்பார்கள். டிராக்டர் அதைவிட லேசானதுதான். ஆனாலும் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்க இரும்பைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எடை கூடினால் அதை நகர்த்தப் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சினுக்கு எரிபொருள் அதிகம். இந்த வட்டத்தை உடைக்க வேண்டும் என்று ஃபெர்குசன் அந்தப் பயணத்தில் முடிவு செய்தார்.

அதே ஆண்டு ஹென்ரி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 20 குதிரைத்திறன். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்ட வேண்டும். நம் ஊரில் பழைய மண்ணெண்ணெய் பம்ப்செட் வைத்திருந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. விலை குறைவு, 1922-இல் 395 டாலருக்கே கிடைத்தது. குளிர் நாளில் கிளப்புவது பெரும் பாடு. பின் ஆக்சிலின் கியர் பெட்டி சூடேறி, ஓட்டுபவரின் இருக்கை வரை கொதிக்கும். இருந்தும் 1928 வரை அமெரிக்காவில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதன் பெரிய ஆபத்து எஞ்சினில் இல்லை. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின் சக்கரம் சுற்ற முடியாமல் நிற்கும். எஞ்சினோ விடாது. சக்கரம் சுற்ற வழி இல்லாதபோது வண்டியே பின் அச்சைச் சுற்றி எழும்பும். முன்பக்கம் மேலே தூக்கி, அப்படியே பின்னால் கவிழ்ந்து ஓட்டுபவர் மேல் விழும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. ஃபோர்ட்சன் இப்படிப் பல உயிர்களைக் குடித்தது.

மூன்றாவது கை செய்யும் வேலை

ஃபெர்குசன் முதலில் செய்த கலப்பை, ஃபோர்டு மாடல் டி காரை டிராக்டராக மாற்றும் ஈராஸ் என்ற அமைப்புக்கானது. கலப்பை தயாரானபோது ஃபோர்ட்சன் வந்து ஈராஸை ஒழித்துவிட்டது. சரி என்று ஃபோர்ட்சனுக்கு ஏற்ற கலப்பையைச் செய்தார். 1925-இல் அமெரிக்காவின் எவன்ஸ்வில் நகரில் ஷெர்மன் சகோதரர்களுடன் கூட்டுச் சேர்ந்து அதைத் தயாரிக்கத் தொடங்கினார். 1928-இல் ஃபோர்டு அமெரிக்காவில் டிராக்டர் தயாரிப்பையே நிறுத்தினார். இரண்டு முறை கையில் கலப்பை இருந்தது, மாட்ட வண்டி இல்லை. இதற்கு நடுவே ஃபோர்டே கூப்பிட்டு வேலை தருவதாகச் சொன்னார். ஃபெர்குசன் மறுத்துவிட்டார்.

அந்த ஆண்டுகளில்தான் முக்கியமான வேலை நடந்தது. ஹைட்ராலிக் மூலம் ஆழத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் இணைப்புக்கு 1920-களின் நடுவில் காப்புரிமை பெற்றார். அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இன்றும் உங்கள் வண்டியில் அதுதான் நடக்கிறது.

கலப்பை மண்ணுக்குள் போகும்போது, கீழ்க் கைகள் இரண்டும் அதை முன்னால் இழுக்கின்றன. மண் கலப்பையின் அடியைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே கலப்பையின் மேல்முனை முன்னால் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வை டாப் லிங்க் தாங்குகிறது. அதாவது டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளு முன் சக்கரத்தைத் தரையில் அழுத்தி வைக்கும். கலப்பையின் கனமும் அதன் மேல் விழும் மண்ணின் கனமும் பின் சக்கரத்துக்கு வந்து சேரும். தனியாக இரும்பு சேர்க்காமலே, எவ்வளவு ஆழம் இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிடிமானம் கூடும்.

இன்னொன்றும் உண்டு. டாப் லிங்க் முட்டும் இடத்தில் ஒரு கனத்த ஸ்பிரிங். மண் கடினமானால் தள்ளு கூடி ஸ்பிரிங் அமுங்கும். அது ஹைட்ராலிக் வால்வை நகர்த்தி, கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். மண் இளகினால் திரும்ப இறக்கும். எஞ்சின் திணறாமல் ஒரே சீராக ஓடும். பாறையில் மாட்டினால் தள்ளு திடீரென்று ஏறும். அப்போது கலப்பையின் கனம் சக்கரத்தை விட்டு நீங்க, சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். வண்டி பின்னால் கவிழாது.

எல்லாம் டாப் லிங்க் தன் இடத்தில் இருந்து, கலப்பை மூன்று புள்ளியிலும் மாட்டியிருந்தால்தான். சேற்றில் மாட்டிய லாரியையோ, மரக்கட்டையையோ இழுக்க டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டுபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். அப்படி மேலே கட்டி இழுத்தால் நூறு வருடத்துக்கு முந்தைய ஃபோர்ட்சன் விபத்து உங்கள் வண்டியிலும் நடக்கும். இழுப்பதானால் கீழே உள்ள டிராபாரில் மட்டும் கட்டுங்கள். விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள் ஒவ்வொரு பயிற்சியிலும் இதைச் சொல்லலாம்.

எஞ்சின் தேடி

யாரும் டிராக்டர் செய்து தராததால் 1933-இல் தானே ஒன்று செய்தார். கறுப்பு பெயின்ட் அடித்ததால் அதற்குக் கறுப்பு டிராக்டர் என்றே பெயர். எஞ்சின் அமெரிக்காவின் ஹெர்குலிஸ் கம்பெனியுடையது, 18 குதிரைத்திறன். அந்த வண்டி இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து, டேவிட் பிரவுன் என்ற கியர் தயாரிப்பாளர் 1936-இல் உற்பத்தியைத் தொடங்கினார். முதல் 500 வண்டிகளுக்குக் கவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின். பிறகு பிரவுன் கம்பெனியே செய்த எஞ்சின். வண்டி விலை 224 பவுண்டு. கலப்பை போன்ற கருவிகள் ஒவ்வொன்றும் 26 பவுண்டு. ஃபோர்ட்சனை இதைவிட மிகக் குறைந்த விலையில் வாங்கலாம் என்பதால் விற்பனை மந்தம். சுமார் 1,350 வண்டிகளோடு கூட்டு முறிந்தது. பிரவுன் பெரிய வண்டி, பெரிய எஞ்சின் வேண்டும் என்றார். ஃபெர்குசன் சிறியதே போதும் என்றார்.

1938 அக்டோபரில் ஃபெர்குசன் தன் டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ஹென்ரி ஃபோர்டின் சொந்தப் பண்ணையில் உழுது காட்டினார். பக்கத்தில் வேறு வண்டிகளும் ஓடின. பார்த்து முடித்ததும் இருவரும் கை குலுக்கினார்கள். ஃபோர்டு செய்வார், ஃபெர்குசன் விற்பார். காகிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. உலகத்தின் பெரிய வியாபாரங்களில் ஒன்று வாய்ச்சொல்லில் முடிந்தது. நம் ஊரில் குத்தகை பேசுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர்ந்த கதியும் சில குத்தகைகளுக்கு நேர்வதுதான்.

1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரின் எஞ்சினைக் கவனிக்க வேண்டும். ஃபோர்டு கம்பெனி கார்களுக்குச் செய்த வி8 எஞ்சினைப் பாதியாக வெட்டியதுபோல நான்கு சிலிண்டர். பிஸ்டன், வால்வு போன்றவை கார் எஞ்சினோடு பொதுவானவை. இதனால் செலவும் குறைவு, உதிரி பாகமும் எந்த ஊர்க் கார் கடையிலும் கிடைக்கும். நீண்ட நாள் உழைக்கும் வண்டி என்பதில் பாதி விஷயம் உதிரி பாகம் கிடைப்பதுதான். அந்த எஞ்சினில் ஒரு தொல்லை இருந்தது. மின்பொறி பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரை ஃபேனுக்குப் பின்னால், கீழே வைத்திருந்தார்கள். பாயிண்ட் சுத்தம் செய்யக் கை நுழையாது. பின்னால் வந்த 8என் மாடலில் 1950-இல்தான் அதைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடிக்கடி தொட வேண்டிய பாகம் கைக்கு எட்டவில்லை என்றால் யாரும் தொட மாட்டார்கள். பழுது அங்கேதான் தொடங்கும். புது வண்டி பார்க்கும்போது ஏர் கிளீனர், டீசல் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் மூன்றையும் நீங்களே கழற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

ஃபோர்டுடன் சேர்ந்து 1947 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் ஹென்ரி ஃபோர்டு காலமானார். நிர்வாகத்தை ஏற்றிருந்த பேரன், தாத்தாவின் கைகுலுக்கலைத் தொடரவில்லை. அதே இணைப்பு முறையோடு 8என் டிராக்டரை ஃபோர்டு கம்பெனி தனியே விற்கத் தொடங்கியது. ஃபெர்குசன் 1948-இல் வழக்குப் போட்டார். கேட்ட தொகை 25 கோடி டாலருக்கும் மேல். நான்கு ஆண்டுகள் இழுத்து, 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

சாம்பல் நிற டிராக்டர்

வழக்கு நடந்த அதே காலத்தில் அவருடைய பெரிய வெற்றி இங்கிலாந்தில் வளர்ந்துகொண்டிருந்தது. கவென்ட்ரி நகரில் போருக்காகக் கட்டிய ஒரு தொழிற்சாலை சும்மா கிடந்தது. கார் தயாரிக்கும் ஸ்டாண்டர்டு கம்பெனி அங்கே ஃபெர்குசனுக்காக டிஇ20 டிராக்டரைச் செய்ய ஒப்புக்கொண்டது. 1946-இல் தொடங்கி 1956 வரை 5,17,651 வண்டிகள். சாம்பல் நிறம். பிரிட்டன் விவசாயிகள் இன்றும் செல்லமாகச் சின்னச் சாம்பல் ஃபெர்கி என்கிறார்கள்.

ஒரே வண்டி, பல எஞ்சின் என்பதை இந்த மாடலில் தெளிவாகப் பார்க்கலாம். முதலில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கான்டினென்டல் பெட்ரோல் எஞ்சின். ஸ்டாண்டர்டு கம்பெனியின் எஞ்சின் அப்போது தயாராகவில்லை. பிறகு அவர்களே செய்த பெட்ரோல் எஞ்சின் வந்தது. இதில் சிலிண்டருக்கு வெட் லைனர். தேய்ந்தால் எஞ்சின் பிளாக்கைக் கொண்டுபோய்க் கடைசல் போட வேண்டாம். லைனரையும் பிஸ்டனையும் மாற்றினால் போதும். கிராமத்து மெக்கானிக்கே செய்துவிடலாம். இதே எஞ்சின் குடும்பம்தான் ட்ரையம்ப் டிஆர்2 என்ற பந்தயக் காரிலும் ஓடியது. உழவுக்கும் பந்தயத்துக்கும் ஒரே எஞ்சின் என்றால் கேட்கவே வேடிக்கைதான்.

பிரிட்டனில் பெட்ரோலுக்கு வரி அதிகம். ஆகவே 1949-இல் டிராக்டர் ஆயில் என்ற மண்ணெண்ணெய் வகைக்கான எஞ்சின் வந்தது. எரிபொருள் செலவு குறைந்தது, தொல்லை கூடியது. சூடாகும் முன் மாற்றினால் எரிபொருள் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் போகும். வேலை முடிந்து நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் கிளம்பாது. எரிபொருளில் மிச்சம் பிடித்ததை எஞ்சின் வேலையில் விட்டவர்கள் உண்டு.

1951-இல் டீசல் மாடல் வந்தது. 26 குதிரைத்திறன். ஃபெர்குசனுக்கு டீசலில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. கனம் கூடும், விலை கூடும் என்பது அவர் கவலை. ஆனால் விவசாயிகள் டீசலைக் கேட்டார்கள். காரணம் எளிது. அதே உழவுக்குக் குறைந்த எரிபொருள். குறைந்த வேகத்திலும் இழுவை விடாது. மின்பொறி இல்லாததால் பிளக், பாயிண்ட் நனைந்து நின்றுபோகும் தொல்லை இல்லை. சிலர் காத்திராமல் தங்கள் பெட்ரோல் ஃபெர்கியில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் விவசாயிகள் ஃபெர்குசனைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்றே சொல்லலாம். வயலில் ஓடும் ஜீப் வகை வண்டிகளிலும் இதே கதைதான். 1948-இல் பெட்ரோல் எஞ்சினோடு வந்த லேண்ட் ரோவர், 1957-இல் டீசலையும் சேர்த்துக்கொண்டது.

டீசலுக்கும் பலவீனம் உண்டு. சுத்தம் இல்லாத டீசல் அதன் பெரிய எதிரி. தூசியும் தண்ணீரும் இன்ஜெக்‌ஷன் பம்பையும் நாசிலையும் அரித்துவிடும். கேனில் வாங்கி வைத்து ஊற்றுபவர்கள் இதை நினைவில் வையுங்கள். வேலை முடிந்த மாலையே டேங்கை நிரப்பிவிட்டால், இரவுக் குளிரில் டேங்குக்குள் நீர் கோத்துக்கொள்ளாது. அடுத்த பலவீனம் குளிரில் கிளம்புவது. ஃபெர்குசன் 35 என்ற அடுத்த மாடலில் வைத்த நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு டீசல், குளிர்காலக் காலையில் கிளம்ப அடம்பிடிப்பதில் பெயர் வாங்கியது. 1959-இல் அதை நீக்கிவிட்டு மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினை வைத்தார்கள். சிலிண்டர் ஒன்று குறைந்தது, வண்டியின் மதிப்பு ஏறியது. இன்றும் பழைய வண்டி வாங்குபவர்கள் அங்கே மூன்று சிலிண்டரைத்தான் தேடுகிறார்கள்.

பெட்ரோலுக்கும் ஒரு இடம் இருந்தது. எவரெஸ்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, மூன்று ஃபெர்குசன் டிராக்டர்களுக்குச் சங்கிலிப் பட்டை மாட்டி அன்டார்டிகாவில் ஓட்டி, 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை அடைந்தார். மோட்டார் வண்டியில் அங்கே போய்ச் சேர்ந்த முதல் குழு அதுதான். அவை பெட்ரோல் வண்டிகள். கடுங்குளிரில் சாதாரண டீசல் மெழுகுபோல் உறைந்துவிடும். எந்த எஞ்சின் சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டும்.

கருவிகளிலும் அவர் பிடிவாதம் தெரியும். பெரும்பாலான சரிசெய்தல்களுக்கு வண்டியோடு தரும் ஸ்பேனர் போதும். அதன் கைப்பிடியில் அங்குலக் குறிகள் இருக்கும், அளவுகோலாகவும் பயன்படும். கவென்ட்ரி அருகே ஸ்டோன்லியில் பயிற்சிப் பள்ளி நடத்தி, விற்பவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். சின்ன இடத்தில் கயிறு கட்டி, அந்த எல்லைக்குள் மூலை முடுக்கு விடாமல் உழுது, கடைசியில் தன் சக்கரத் தடத்தையும் அழித்துவிட்டு வெளியே வரும் செயல்விளக்கம் அவருக்குப் பிடித்தமானது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டு நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1953-இல் தன் கம்பெனியைக் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைத்தார். விலையில் 10 லட்சம் டாலர் வித்தியாசம் வந்தபோது, காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். சுண்டினார்கள். தோற்றார். அடுத்த ஆண்டே பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு நான்கு சக்கரமும் இழுக்கும் கார் செய்வதில் இறங்கினார். வழுக்கும் சாலையில் எந்தச் சக்கரத்துக்குப் பிடி இருக்கிறதோ அதற்குப் பலத்தைக் கொடுப்பது அதன் அடிப்படை. உழவு நிலத்தில் அவர் தேடிய அதே பிடிமானம்தான். கார் கம்பெனிகள் வாங்க முன்வரவில்லை. தூக்கமின்மையும் மனச்சோர்வும் அவரை வெகுநாள் வாட்டின. 1960 அக்டோபர் 25 அன்று குளோஸ்டர்ஷயரில் உள்ள தன் வீட்டில் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய குழு செய்த நான்கு சக்கர இழுவைப் பந்தயக் கார், ஸ்டர்லிங் மாஸ் ஓட்டி, ஓல்டன் பார்க்கில் வென்றது.

அவர் மறைந்த அதே 1960-இல், சென்னையில் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு டாஃபே நிறுவனம் தொடங்கியது. பெர்கின்ஸ் வடிவமைப்பில் டீசல் எஞ்சின் செய்துவந்த சிம்சன் நிறுவனமும் அதே அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததுதான். நம் ஊர்களில் மாஸி என்று கூப்பிடும் மூன்று சிலிண்டர் வண்டியின் முன்னோர், அந்த ஃபெர்குசன் 35.

உங்களிடம் அந்த வண்டி இருந்தால் இருக்கைக்குக் கீழே, டாப் லிங்க் மாட்டும் இடத்தைப் பாருங்கள். கனத்த ஸ்பிரிங் ஒன்று தெரியும். ஹைட்ராலிக் லிவர் இரண்டில் டிராஃப்ட் லிவர் அதோடுதான் பேசுகிறது. சட்டிக் கலப்பை, ஐந்து கொத்துக் கலப்பை போட்டுப் புழுதி ஓட்டும்போது டிராஃப்ட் லிவரைப் பயன்படுத்துங்கள். ரோட்டவேட்டருக்கும் மற்ற வேலைக்கும் பொசிஷன் லிவர். கலப்பையைக் கழற்றிவிட்டு, அந்த ஸ்பிரிங் பொருந்திய இடத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உழவின் ஆழம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சின்மேல் பழி போடாமல், அடுத்த சர்வீஸில் அதை இறுக்கித் தரச் சொல்லுங்கள்.